செருப்புக் காவலுக்கு உட்கார்ந்தவள்

தோழிகளே, பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுக்காரிகளே,

முழங்கால் வலி, சர்க்கரை, மருமகள், பேரன் பேத்தி என்று ஆளுக்கொரு பாடு இருக்கும். இருந்தாலும் இதை ஒரே மூச்சில் படித்துவிடுங்கள். பாதியில் வைத்தால் திரும்ப எடுக்கமாட்டீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

பெரம்பலூர் கல்லூரியிலிருந்து ஒரு விழா மலரின் அச்சுப்படியைப் பிழை திருத்தத் தந்திருக்கிறார்கள். நம்மோடு படித்தவள் அங்கே பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்து இந்த மாதம் ஓய்வு பெறுகிறாள். அதற்கான மலர். எறையூர் சர்க்கரை ஆலை அலுவலகத்தில் காலமெல்லாம் கடிதம் தட்டச்சு செய்தவள் என்பதால் என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். தப்பவில்லை. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி. ‘இத்தனை கோப்பைகளை வாங்கித் தந்த இவர், தம் வாழ்நாளில் ஒரு போட்டியில்கூடக் களமிறங்கி ஆடியதில்லை என்பது வியப்புக்குரியது.’

எழுத்துப் பிழை ஒன்றும் கிடையாது. வியப்பு என்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் ஏன் ஆடவில்லை என்று எனக்குத் தெரியும். உங்களைக் கேட்டால் அவளுடைய கால்தான் காரணம் என்பீர்கள். அது காரணமில்லை.

அந்த மாசி, பங்குனியை நினைத்துப் பாருங்கள். சிமெண்டு ஆலைக் காலனிக்காரர்கள் தங்கள் ஆடுகளத்துக்குப் புதுக் கம்பம் போட்டுக்கொண்டு, பழைய கம்பம் இரண்டைப் பலகையும் வளையமுமாக நம் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார்கள். லாரியில் வந்து இறங்கிய அன்று பி.டி. சார் கம்பத்தைக் குளிப்பாட்டாத குறையாகத் துடைத்தார். அவர் கபடிக்காரர். கூடைப்பந்து அவருக்கும் புதிது. ஒரு கையில் விதிப் புத்தகம், வாயில் விசில். ஊதிவிட்டு, எதற்கு ஊதினோம் என்று பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பார். அதற்குள் நாம் ஒரு சுற்றுச் சண்டை போட்டு முடித்திருப்போம்.

பந்து ஒன்றே ஒன்று. புதிதாக வந்தபோது அடித்த ரப்பர் வாடை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. பத்து நாளில் கருவேல முள் குத்தி, சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் ஒட்டிக் கொடுத்தார். அந்த ஒட்டுப் பக்கம் தரையில் பட்டால் பந்து எந்தத் திசையில் போகும் என்று அதற்கே தெரியாது.

பந்துக்கு மேல் சோதனை தரை. நம் பக்கத்துக் கரிசல் மண் தை வரைக்கும் நல்ல பிள்ளையாக இருக்கும். மாசி வெயில் ஏறியதும் வாய் பிளக்க ஆரம்பிக்கும். கால் கட்டைவிரல் போகிற வெடிப்பு, பிறகு பாதமே போகிற வெடிப்பு. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினால் நாலாவது தட்டில் அது வெடிப்பு விளிம்பில் பட்டுப் பள்ளிக் கழிப்பறைப் பக்கம் போய்விடும். பி.டி. சார் நம்மையே மண் அள்ளிப்போட்டு, தண்ணீர் ஊற்றி அடைக்கச் சொன்னார். அடைத்த இடத்துக்குப் பக்கத்தில் மறுநாள் புதிதாக ஒன்று பிளக்கும்.

விளையாட்டு வகுப்பில் அவளுக்கு என்ன வேலை என்பது நினைவிருக்கிறதா? சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிப் போயிருந்தது. அந்த முழங்காலில் கையை ஊன்றித்தான் நடப்பாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ‘விலக்கு’ என்று எழுதிவிட்டு, வாகை மரத்தடியில் நம் செருப்புகளுக்குக் காவல் வைத்தார் பி.டி. சார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. பிள்ளைக்கு ஒரு வேலை கொடுத்த மாதிரி இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். நாமும் அப்படித்தான் நினைத்தோம், ஆளுக்கு ஆள் அவள் மடியருகில் செருப்பை வீசிவிட்டு ஓடினோம்.

ஒரு நாள் பந்து மூன்றாவது முறையாகக் கழிப்பறைப் பக்கம் போனபோது அவள் மரத்தடியிலிருந்து சொன்னாள்:

“எதுக்குடி கீழ தட்டுறீங்க? தரைதான் சரியில்லன்னு தெரியுதுல்ல. கைக்குக் கை குடுத்துட்டு ஓடுங்களேன்.”

அணித்தலைவி நான். செருப்புப் பார்க்கிறவள் எனக்குச் சொல்வதா என்று ரோஷம். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். அன்று வகுப்பு முடிந்து வந்தால் என் செருப்பைக் காணோம். சும்மா கேட்டேன், மிரட்டிக் கேட்டேன். பந்தைக் கீழே போட்டவளுக்குச் செருப்பு நாளைக்குத்தான் கிடைக்கும் என்றாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் முள். நொண்டி நொண்டி நான் நடந்ததை அவள் மரத்தடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

மறுநாள் டெய்லர் மகளின் செருப்பு போனது. அதற்கு மறுநாள் நெட்டைச்சியுடையது. செருப்பே இல்லாமல் வருகிறவர்களுக்கு ரிப்பன். ஒரு வாரத்தில் நம் ஆறு பேர் கையிலிருந்து பந்து தரைக்குப் போவது நின்றுவிட்டது. முள்ளுக்குப் பயந்து கற்ற ஆட்டம் அது. இன்றைக்கு அவள் அணி ஆடுவதைப் பார்த்து வெளிநாட்டு முறை என்று ஏதோ பெயர் வைத்து எழுதுகிறார்கள். அவளும் மறுப்பதில்லை. மாசி மாதத்துக் கரிசல் மண் என்று சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்?

அவளுடைய அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரிக்குப் பாரம் ஏற்றுகிறவர். தலைமுடியும் புருவமும் எப்போதும் வெளுத்தே இருக்கும். கல்லோடு கல்லாகக் கிடைக்கிற கல் கிளிஞ்சல்களை அவளுக்கென்று மடியில் கட்டிக்கொண்டு வருவார். இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்ததாம், அப்போது செத்த கிளிஞ்சல் கல்லாகிவிட்டதாம் என்று அறிவியல் டீச்சர் சொன்னபோது நாம் சிரித்தோம். அவற்றை அவள் ஜாமெட்ரி பாக்ஸில் போட்டு வைத்திருந்தாள். மரத்தடி மண்ணில் கோடு கிழித்து, நமக்கு ஐந்து கிளிஞ்சல், எதிரிக்கு ஐந்து புளியங்கொட்டை வைத்து, யார் எங்கே ஓடவேண்டும் என்று நகர்த்திக் காட்டுவாள். ஓரம் உடைந்த கிளிஞ்சல் நான். அதில் எனக்கு ஒரு மனக்குறை இருந்தது.

பெட்டியில் ஆறாவதாக ஒன்று இருந்தது. சின்னது, ஒரு பக்கம் தட்டை. அதைக் கீழே வைக்கவே மாட்டாள். அது யாருடி என்று கேட்டேன். அது இருக்கட்டும் என்றாள்.

பங்குனியில் காலனி மன்றம் பள்ளிகளுக்கிடையே போட்டி வைத்தது. அரியலூர் காலனியிலேயே ஆட்டம். தலைமையாசிரியை அம்மா வகுப்புக்கு வந்து ஒரு விஷயம் சொன்னார். பெரம்பலூரில் விடுதியோடு இருக்கிற பெண்கள் மேல்நிலைப் பள்ளியில், விளையாட்டுச் சர்டிபிகேட் உள்ள பிள்ளைகளுக்கு இடம் தருவார்கள். நமக்கெல்லாம் அது ஒரு கூடுதல் வசதி, அவ்வளவுதான். அவளுக்கு அது ஒன்றுதான் வழி. நம் ஊரில் பத்தோடு சரி. மேலே படிக்கப் போகிறவர்கள் மெயின் ரோட்டுக்கு இரண்டு மைல் நடந்து பஸ் பிடிக்கவேண்டும். தினமும் அந்தக் காலோடு அது நடக்காது. விடுதி கிடைக்காவிட்டால் அம்மாவோடு வெங்காயப் பட்டறை வேலைக்குத்தான் போகவேண்டும்.

அன்று மாலையே அவள் பி.டி. சாரிடம் போய் நின்றாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

“என் பேரையும் எழுதுங்க சார். ஓட வேணாம். வளையத்துக்குப் பக்கத்துல ஒரே எடத்துல நின்னு பந்த வாங்கிக் குடுக்கிறேன். இவங்க யாரும் தட்டிட்டு ஓடுறதில்ல. நின்னு குடுக்க ஒரு ஆளு இருந்தா நல்லதுதான் சார்.”

அவர் கொஞ்ச நேரம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அவளைத் தடுக்க அதில் ஒன்றும் இல்லை. ஏழாவது பெயராக எழுதினார். அவள் அம்மாவைச் சந்தையில் பார்த்தபோது, ஒரு நிமிஷமாவது உள்ளே இறக்கிவிடுகிறேன், களத்தில் கால் வைத்தால்தான் சர்டிபிகேட், அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார். டெய்லர் வீட்டில் தங்கள் பழைய கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி கொடுத்தார்கள். சூம்பின காலுக்குப் பெரிதாக இருந்ததால் நுனியில் துணி அடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வரும்போது பையில் அந்த ஷூவும் வந்தது.

முதல் இரண்டு ஆட்டம் சுலபமாக ஜெயித்தோம். இரண்டிலும் அவளை இறக்கியிருக்கலாம். பி.டி. சாருக்கு ஆட்டத்தின் பரபரப்பில் மறந்துபோனது. ஞாபகப்படுத்த நான் வாய் திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, நாம் எங்கே தப்புச் செய்தோம் என்பதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இறுதி ஆட்டம் காலனி அணியோடு. சிமெண்டுத் தரை, கண்ணாடியாக இருந்தது. சுற்றிலும் நாற்காலி போட்டு ஆபீசர் வீட்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண்கள் வெள்ளை ஷூ, வெள்ளைக் காலுறை, குட்டைப் பாவாடை. நாம் டெய்லர் அடித்துக் கொடுத்த நீலப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றோம். எனக்கு அங்கேயே கூச்சம் பிடித்துக்கொண்டது. ஓரத்தில், நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றவர்களோடு அவள் அம்மாவும் நின்றார். பட்டறையில் லீவு சொல்லிவிட்டு, மகள் ஆடுவதைப் பார்க்க இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கையில் ஒரு துணிப்பை.

ஆட்டத்தை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்தப் பெண்கள் அழகாகத் தட்டிக்கொண்டு ஓடினார்கள். நாம் அழகாக ஒன்றும் ஓடவில்லை. நம் பந்து தரையில் படவே இல்லை. யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் அவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நாற்காலிக்காரர்கள் பேசுவதை நிறுத்தினார்கள். இடைவேளைக்கு முன்பே நம்மில் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகிப் போய்விட்டது. மீதி ஐந்து பேர். ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கையில் நாம் ஒரு பாயிண்ட் முன்னால் இருந்தோம். அப்போது நெட்டைச்சிக்கு ஐந்தாவது பவுல். ஐந்து பவுல் ஆனால் ஆட முடியாது, நெட்டைச்சி வெளியே போனாள்.

நடுவர் நம் பெஞ்சைப் பார்த்து, மாற்று ஆள் உண்டா என்று கேட்டார்.

அவள் ஏற்கெனவே குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். பி.டி. சார் அவளைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பெரிய மனிதர் ஒருவர், பதினைந்து வயதுப் பெண்ணிடம் முடிவை விட்டார். அவர் செய்த தவறு அது. என் தவறு வேறு. நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று.

தோற்றுவிடுவோம் என்ற பயத்தில் ஆட்டினேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். அவள் முழங்காலில் கை ஊன்றி அந்தத் தரையில் நடந்து வருவதை அந்த நாற்காலிக்காரர்கள் பார்ப்பார்கள், சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பு என் அணிமேல் விழும். எனக்கு வெட்கமாக இருந்தது. இதுதான் உண்மை. நம் ஊர் முள்பாதையில் என்னை நொண்ட விட்டு, எனக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தவளைப் பார்த்து எனக்கு வெட்கம்.

நாலு பேராக நின்று ஆடினோம். ஒரு பாயிண்டில் ஜெயித்தோம். என்னைத் தூக்கினார்கள். கேப்டன் சமயோசிதமாக முடிவெடுத்தாள் என்று தலைமையாசிரியை அம்மா மைக்கில் சொன்னார். கூட்டம் கலைந்தபோது அவள் அம்மா துணிப்பையைப் பிரித்து, அவித்த வேர்க்கடலையை எல்லாருக்கும் அள்ளிக் கொடுத்தார். எனக்கு மட்டும் இரண்டு கை.

“நல்லா ஆடுனீங்க கண்ணு. நீ கேப்டன்ல, ரெண்டு கையா வாங்கிக்க” என்றார்.

அவர் விரல்களில் வெங்காய வாடை. நான் தின்றேன்.

மன்றத்துக்காரர்கள் ஸ்கோர் தாளைப் பார்த்து, களத்தில் கால் வைத்த ஆறு பேருக்கும் சர்டிபிகேட் எழுதினார்கள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று பி.டி. சார் அவளைத் தேற்றினார். நமக்கு அடுத்த வருஷம் ஏது? அந்தக் காகிதத்தில்தான் நான் விடுதிக்குப் போனேன், பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆலை வேலைக்கும் போனேன். அவள் பட்டறைக்குப் போனாள். வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டே பன்னிரண்டாம் வகுப்பைத் தனியாக எழுதினாள், பட்டத்தை அஞ்சல்வழியில் முடித்தாள். பெரம்பலூர் கல்லூரியில் விளையாட்டுச் சாமான் அறைக்குக் காப்பாளராகச் சேர்ந்தாள். பார்த்தீர்களா, அங்கேயும் காவல்தான்.

அந்த அறை வாசலில் உட்கார்ந்தபடியே ஆடுகிறவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தாள். அவர்கள் கேட்டார்கள், ஜெயித்தார்கள். பயிற்சியாளர் வேலையை விட்டுப் போனபோது பெண்களே போய் முதல்வரிடம் அவளைக் கேட்டார்கள். ஆனாலும் ஆடின சர்டிபிகேட் இல்லையே. கோப்பைமேல் கோப்பை வந்த பிறகும் வெகு காலம் படிவங்களில் அவள் ‘அணி மேலாளர்’தான். தலைமைப் பயிற்சியாளர் என்ற பெயர் வருவதற்குள் தலை பாதி நரைத்துவிட்டது.

அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. எந்த ஆட்டமானாலும் பெஞ்சில் உட்கார்ந்த எல்லாரும் களத்தில் கால் வைத்துவிடவேண்டும். ஒரு முறை அதனாலேயே இறுதி ஆட்டம் கைவிட்டுப் போனது. நிர்வாகம் கூப்பிட்டுக் கேட்டது. அறைச் சாவியை மேஜைமேல் வைத்து, வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாளாம். சாவியைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினார்கள். செய்தித்தாளில் இதைப் படித்தபோது நான் ஆபீசில் இருந்தேன். தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து வெளியே போய் நின்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அச்சுப்படியை எடுத்துக்கொண்டு பெரம்பலூர் போனேன். மாலைப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஆடுகளத்து ஓரம் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். காலடியில் பெண்களின் செருப்புகள் வரிசையாக இருந்தன. மூன்றாம் பக்கத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, சரியாகத்தானே இருக்கிறது என்றாள்.

“அன்னிக்கு சார் வேணாம்னு சொல்லல. நாந்தான் தலைய ஆட்டுனேன்” என்றேன்.

அவள் களத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தெரியும்டி. ஷூவக் கட்டிட்டு நிமிந்தேன். உன் தலைதான் ஆடிட்டிருந்துச்சு.”

“எங்கிட்ட ஒரு தடவகூட கேக்கலயே நீ.”

“கேட்டு? உனக்கு வெக்கமா இருந்துச்சு. அது எனக்கு அங்கேயே தெரிஞ்சுது. கோவம் இருந்துச்சுதான், இல்லங்கல. ரொம்ப நாள் இருந்துச்சு. ஆனா ஒண்ணு, நீ ஆட்டத்தத் தப்பாக் கணக்குப் போட்ட. அதத்தான் என்னால தாங்க முடியல.”

பையிலிருந்து அந்த ஜாமெட்ரி பாக்ஸை எடுத்தாள். பெயிண்ட் எல்லாம் போய்த் தகரமாக இருந்தது. பெஞ்சின்மேல் கல் கிளிஞ்சல் நாலை வைத்தாள். ஓரம் உடைந்தது எங்கே என்று என் கண் தானாகத் தேடியது. இருந்தது. பிறகு அந்த ஆறாவதை, சின்னதை, ஒரு பக்கம் தட்டையானதை எடுத்து, வளையத்துக்கு இடப்பக்கம் வருகிற இடத்தில் வைத்து விரலால் அழுத்தினாள்.

“நான் இங்க நிப்பேன். நகரவே மாட்டேன். இவளால என்ன ஆகப் போவுதுன்னு என்னை எவளும் புடிக்க மாட்டா. பந்து எங்கிட்ட வரும். எல்லாரும் பந்தப் பாப்பாங்க. நீ இந்தப் பக்கமா, அவங்க முதுகுக்குப் பின்னால ஓடி வருவ.”

உடைந்த கிளிஞ்சலை வளையத்துக்கு அடியில் நகர்த்தினாள்.

“குடுப்பேன். நீ போடுவ. மறுபடியும் இதே மாதிரி ஒண்ணு. நாலு பேரா நின்னு ஒரு பாயிண்ட்ல ஜெயிச்சீங்க. நான் நின்னிருந்தா அஞ்சுல ஜெயிச்சிருப்போம்.”

அதற்குமேல் பேச அவளுக்கு நேரமில்லை. விசிலை ஊதி, ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை உள்ளே போகச் சொன்னாள். நான் அந்தச் சின்னக் கிளிஞ்சலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு நிமிஷத்தை அவள் இத்தனை வருஷமும் ஆடிக்கொண்டே இருந்திருக்கிறாள். ஆட்டத்தில் என்னையும் வைத்திருந்திருக்கிறாள், பந்தையும் எனக்கே கொடுத்திருக்கிறாள்.

தோழிகளே, மூன்றாம் பக்கத்து வரியை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் இப்படி எழுதி அச்சகத்துக்கு அனுப்பியாகிவிட்டது: ‘பள்ளி அணியின் ஏழாவது ஆட்டக்காரர். இறுதி ஆட்டத்தில் இறங்கத் தயாராக எழுந்து நின்றவரை, வெட்கத்தால் தடுத்தவள் அணித்தலைவி.’ கீழே என் பெயரைப் போட்டிருக்கிறேன். விழாவுக்கு வருகிறவர்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுங்கள். அன்றைக்குக் காவலுக்கு நான் உட்கார்ந்திருப்பேன்.